ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய டம்ளர்கள்

ஆலடிக்குளம் ஹவுசிங் போர்டில் ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் விடியலில், பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர்களும், வாசல் தெளிக்க வாளியோடு வந்தவர்களும், காயாத துணியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோக எழுந்தவர்களும், ஆளாளுக்குத் தங்கள் வாசற்படியில் ஒரு வீட்டுச் சாமான் இருப்பதைக் கண்டார்கள். யாரும் அதை வைத்துவிட்டுப் போகவில்லை, யாரும் தொலைக்கவும் இல்லை, நேற்று வரை நெஞ்சுக்குள் கிடந்த கவலைதான் இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்பது கையில் எடுத்த உடனே அவரவருக்குத் தெரிந்துபோனது, ஏனென்றால் நெஞ்சு எவ்வளவு லேசானதோ அவ்வளவுக்குக் கை கனத்தது.

மழையில் வந்தது என்றார்கள் சிலர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட போர்வெல்லில் இருந்து கிளம்பி வந்தது என்றார்கள் சிலர். அந்தப் பேச்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குழாயில் தண்ணீர் ஏன் வருகிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டா குடம் வைக்கிறோம், வந்தால் பிடித்து வைக்கிறோம், அதுபோல இதையும் பிடித்து வைத்துக்கொண்டது காலனி. கூரியர்காரர்கள் கதவு எண்ணை விட்டுவிட்டுக் குடை வீடு, சல்லடை வீடு, பூட்டு வீடு என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கும்பிடுவதற்கு முன்னால் வாசலைப் பார்த்தார்கள், மூடி உள்ள சாமானாக இருந்தால் திருப்தியாக உள்ளே வந்தார்கள். சங்கத் தலைவர் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. முதலில் அவர் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார், பிறகு ஜனங்கள் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள், கவலையே இல்லாத மனுசனிடம் எந்த நம்பிக்கையில் மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்து வைப்பது என்று பெண்கள் கேட்டேவிட்டார்கள், அதனால் அவர் பஜாருக்குப் போய் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி வந்து வாசலில் வைத்தார். கடையில் ஒட்டிய சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார், ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாவம், அவருக்கும் ஒன்று வேண்டும்தானே.

மூன்றாம் வரிசைச் செல்லையாவுக்குச் சாவி இல்லாத பெரிய பூட்டு ஒன்று வந்தது. அவர் அதிகம் யோசிக்கவில்லை, தெருவில் கூவிக்கொண்டு வந்த பழைய பாத்திரக்காரரிடம் அதைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கிக்கொண்டார். நல்ல கூடைதான். மறுநாள் காலையில் கூடையின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு அதே பூட்டு தொங்கியது. அதற்குப் பிறகு யாரும் மாற்றிக்கொள்ளப் போகவில்லை, பாத்திரக்காரரும் எங்கள் தெருவுக்குள் வந்தால் குரலைத் தணித்துக்கொண்டுதான் போனார்.

சாமானை என்ன செய்வது என்று காலனி கற்றுக்கொண்டது குடை வீட்டில். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த தளவாய் அண்ணாச்சிக்கு வந்தது ஒரு கறுப்புக் குடை. வெளியே மழை கொட்டும்போது எவ்வளவு அழுத்தினாலும் விரியாது, வீட்டுக்குள் காலை வைத்ததும் படாரென்று விரிந்து டி.வி. மேலிருக்கும் பொம்மையைத் தட்டிவிடும், பிறகு மடங்கவும் மடங்காது. விரிந்த குடைக்கு அடியில் உட்கார்ந்து புருசனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த சொர்ணம் மைனி, ஒருநாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, இந்தக் குடை அப்படியே உங்கள் கோபம் மாதிரி இருக்கிறது, வெளியில் ஒருத்தனிடமும் விரியாது, வீட்டுக்குள் வந்தால் மடங்காது என்று சொன்னாள். அண்ணாச்சி சோற்றைப் பிசைந்தபடி குடையை அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலையில் நேராகத் தண்ணீர் லாரிக்காரரிடம் போய், பாதித் தொட்டி நிரப்பிவிட்டு முழுத் தொட்டி என்று சொல்கிற அந்த நெடுநாள் விஷயத்தை, சத்தம் போடாமல், ஆனால் ஒரு வார்த்தை விழுங்காமல் கேட்டார். அப்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. கேட்டு முடித்ததும் கையில் இருந்த குடை நடுத்தெருவில் பூப்போல விரிந்தது, வீட்டு வாசலில் தானாக மடங்கிக்கொண்டது.

அதிலிருந்து எல்லோருக்கும் சூட்சுமம் விளங்கிவிட்டது. சாமானோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. சாமானை நன்றாகப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு விஷயத்தைத் தொட வேண்டும், விஷயம் அசைந்தால் சாமான் தானாக வழிக்கு வரும். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஜெபமணி டீச்சருக்கு மறதி, அவருக்கு வந்தது ஒரு சல்லடை. எல்லாம் ஒழுகிப் போகிறதே என்று முதலில் கண்கலங்கினார், பிறகு ஒருநாள் மாவு சலிக்கும்போது, சல்லடையை யாரும் திட்டுவதில்லை, கீழே ஒரு ஏனத்தை வைக்கிறோம், அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றியது. அன்று முதல் நினைவில் வைக்க வேண்டியதை எல்லாம் வாய்விட்டு அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். டீச்சர் மாத்திரை போடணும் என்று எதிர்வீடு சொல்லும், டீச்சர் இன்னைக்கு ஞாயித்துக்கிழம, உங்களுக்குக் கோயில் என்று மேல்வீடு சொல்லும். டீச்சர் மறப்பதை நிறுத்தவில்லை, ஆனால் எதுவும் தரையில் சிந்தவில்லை.

இப்படி ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு விதமாக வழிக்கு வந்துகொண்டிருந்தபோது, எல்லோரும் கூடிப் பார்த்தும் வராமல் நின்றது ஒரு வாசல். தண்டவாளத்தை ஒட்டிய கடைசி வரிசையில், இரண்டாம் மாடியில், மாவு அரைத்து விற்கும் அக்கா தங்கச்சி வாசல்.

மூத்தவள் சங்கரகோமதி, இளையவள் ஆவுடைத்தங்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது ஆவுடைக்குப் பால்பல்கூட விழவில்லை, கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பேச்சை அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள். ஒருத்தி உளுந்து ஊறப்போட்டால் இன்னொருத்தி அரிசி களைவாள், கிரைண்டர் கல்லை இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் தூக்குவார்கள், மாவை ஆவுடை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவள் திரும்பும் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கோமதி காப்பியை அடுப்பில் வைப்பாள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி தன் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்வாள் என்று சொர்ணம் மைனி கேலி பேசுவாள். கேலிதான், ஆனால் ஒருதடவை அப்படி நடந்ததைப் பார்த்தவர்களும் உண்டு.

ஆவுடைக்கு ரயில் வேலை கிடைத்திருந்தது, அதுவும் எஞ்சினில், உதவி லோகோ பைலட். ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்கப் போகிற வருகிற ரயிலைப் பார்த்து வளர்ந்தவள், யாருக்கும் தெரியாமல் படித்து, பரீட்சை எழுதி, கண் பரிசோதனை தேறி, கடைசியில் உத்தரவு வந்த பிறகுதான் அக்காவிடம் சொன்னாள். மாசக் கடைசிக்குள் விசாகப்பட்டினத்தில் பயிற்சிக்குச் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கோமதி போகாதே என்று சொல்லவில்லை. போ என்றாள், கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பூசிவிட்டாள், பழைய பையைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆனால் ஆவுடை பையில் துணியை அடுக்கினால் கோமதி வந்து இதையும் வை என்று ஒரு பொடி டப்பாவைக் கொடுப்பாள், அதற்கு இடம் பண்ண எல்லாவற்றையும் எடுப்பார்கள், எடுத்ததை மடிக்கும்போது பொழுது போய்விடும்; மறுநாள் கோமதி கொடுக்க வராவிட்டால் ஆவுடையே, நான் போனால் கிரைண்டர் கல்லை நீ எப்படித் தூக்குவாய் என்று கேட்டுவிட்டு அடுக்கியதைக் கலைத்துவிடுவாள். தடுத்தவர் யாரும் இல்லை. பை மட்டும் மூடவில்லை.

அவர்கள் வாசலில் வந்திருந்தது இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகியிருந்தது. ஒரே அளவு, ஒரே வளைவு, ஒரே கடையில் வாங்கினதுபோல. உள்டம்ளரின் விளிம்பு வெளிடம்ளரின் விளிம்புக்கு மேலே ஒரு நகம் அளவு தெரிந்தது.

இரண்டு டம்ளர் மாட்டிக்கொள்வது எந்த வீட்டில்தான் நடக்காதது, இது ஒரு சாமானா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். படியில் தட்டினார்கள். இடுக்கில் தேங்காய் எண்ணெய் விட்டார்கள். தளவாய் அண்ணாச்சி கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், பிளேயரின் வாய்தான் கோணிப்போனது. சமையலறையில் கைப்பழக்கம் உள்ள யாருக்கும் தெரிந்த வைத்தியத்தையும் செய்தார்கள், வெளிடம்ளரை வெந்நீரில் நிறுத்தி உள்டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள், வெளியது விரிந்து உள்ளது சுருங்கிச் சளக்கென்று கழன்றுவர வேண்டும். வெந்நீர் ஆறியது, ஐஸ் கரைந்தது, டம்ளர்கள் அப்படியே இருந்தன.

டம்ளரில் பார்த்தால் நடக்காது, ஆளில் பார்க்க வேண்டும் என்று டீச்சர் ஞாபகப்படுத்தினார், மறந்துபோவதற்குள் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார். காலனியும் நல்ல மனதோடு வேலையில் இறங்கியது. ஆவுடையை ஆளுக்காள் ஓரமாகக் கூப்பிட்டு, உனக்கு ரோசம் இல்லையா, இன்னும் எத்தனை நாள் மாவுப் பாக்கெட் கட்டப்போகிறாய், கோபப்படு, கத்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்று உசுப்பேற்றினார்கள். கோமதியிடம் எதிர்ப்பேச்சுப் பேசாமல், அவள் மனசு ஆறட்டும், தனியாக விடுங்கள் என்று விலகி நின்றார்கள். மாவு வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள், கொஞ்சம் உட்கார்ந்து பேசுகிற சொர்ணம் மைனிகூட வேலை கிடக்கு என்று சொல்லிப் போனாள். எங்கள் காலனியில் வாங்கிப்போன பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது, ஒரு துண்டு வெல்லமாவது, ஒரு கொத்து கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தருவார்கள்; அந்தக் கிழமையில் கோமதியின் ஏனங்கள் கழுவித் துடைத்து வெறுமனே வாசலுக்கு வந்தன, தொந்தரவு பண்ண வேண்டாம் என்றுதான்.

ஒருநாள் மத்தியானம் இரண்டாம் மாடியில் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் சண்டை என்பது அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆவுடை, உன்னாலதான் எனக்கு எதுவும் நடக்கலை என்று சொல்லிவிட்டாள். கோமதி, உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன்னு தெரியுமா என்று கேட்டுவிட்டாள். இரண்டுமே அவர்கள் வாழ்நாளில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த சொற்கள். சொல்லி முடித்ததும் வாசலில் டம்ளர்கள் கிறீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தன, போய்ப் பார்த்தால் நகம் அளவு தெரிந்த விளிம்பும் உள்ளே போயிருந்தது. விரலை வைத்துத் தடவினால் ஒரே டம்ளர். மாசம் முடியப் பத்து நாள்கூட இல்லை.

ஆவுடை அன்று அழுதாள், அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. டம்ளரை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், வெந்நீரையும் ஐஸையும் நினைத்தாள், யாருக்கு வெந்நீர், யாருக்கு ஐஸ் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள். எழுந்து மாடிப்படி இறங்கி, மோட்டார் அறைக்கு முன்னால் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றவர்களிடம் நேராகப் போனாள்.

அவள் மெதுவாகத்தான் பேசுவாள், அன்றும் மெதுவாகத்தான் பேசினாள். “உள்ள இருக்க டம்ளர் நானு. எனக்குத்தான் நீங்க எல்லாரும் சூடு வச்சீங்க. உள்ள இருக்கதச் சுட வச்சா அது விரிஞ்சு இன்னும் இறுகத்தான் செய்யும். வெளிய இருக்கது எங்க அக்கா. அவளத் தனியா விட்டு ஆற வச்சீங்க. ஆறுனா சுருங்கிப் பிடிச்சுக்கிடும். வெந்நிய மாத்தி ஊத்திட்டோம், அண்ணாச்சி.”

தளவாய் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “அப்போ அவளுக்கு என்ன புத்தி சொல்லணும்ங்கே?”

“புத்தியெல்லாம் சொல்ல வேண்டாம். அவகிட்ட வேல வாங்குங்க.”

“அது எங்களுக்கு நல்லா வரும்,” என்றாள் சொர்ணம் மைனி.

அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டது. சொர்ணம் மைனி வடைக்கு ஆட்டிய உளுந்து நீர்த்துப்போயிற்று என்று சட்டியோடு வந்து சமையலறை வரை போனாள். டீச்சர் வந்தார், தான் எதற்கு வந்தோம் என்பது மறந்துவிட்டது, ஞாபகம் வரும்வரை இருக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், அது உண்மையா பொய்யா என்று டீச்சருக்கே தெரியாது. அண்ணாச்சி கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கொடுக்கும் வேலையைத் தினமும் தனக்கு என்று எடுத்துக்கொண்டார், தூக்கிய கைக்குத் தோசை கேட்டார். ஏனங்கள் மறுபடியும் வெல்லத்தோடும் முருங்கைக்காயோடும் வரத் தொடங்கின. இத்தனை வருசமாக ஒரே ஒருத்திக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் அறிந்துவைத்திருந்த கோமதி, இப்போது ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு நடுவில் நின்று, முதல்நாள் எரிந்து விழுந்தாள், அடுத்த நாள் முணுமுணுத்தாள், அதற்கும் அடுத்த நாள் இவர்கள் வருவதற்கு முன்பே பெரிய சட்டியை எடுத்து வைத்தாள்.

செல்லையாவும் வந்தார், பூட்டுத் தொங்கும் கூடையோடு. யாரிடமும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஊரில் இருந்த வீட்டுச் சுவர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவர், அந்த வீடு மழைக்கு இடிந்து மண்ணாகிப் பல வருசம் ஆகிறது. கோமதி மாவுக் கையோடு பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சாவிய நீங்க தேடுதீங்க, சரி. கதவு எங்க அண்ணாச்சி?”

செல்லையா கூடையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். கதவே இல்லாமல் ஒரு பூட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது எப்படி இருக்கும் என்று வெளியில் இருந்து தன்னைப் பார்த்துவிட்டார் போல, தோள் குலுங்கச் சிரித்தார், சிரிப்பு எங்கோ போய் வேறு மாதிரி ஆகி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் தம்பி ஊருக்குப் போனார். கோமதிக்குத் தன்னிடம் இப்படி ஒரு கண் இருக்கிறது என்பது அதுவரை தெரியாது. தெரிந்தபின் அவள் நடையே கொஞ்சம் மாறியது, கொஞ்சம் அகலமாக நடந்தாள், அடுத்தவர்களும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள்.

ஆவுடை தன் பங்குக்கு ஆறினாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதை விட்டாள். மாசத்துக்கு ஒருதடவை வந்துவிடுவேன் என்று தன்னால் முடியாத சத்தியம் செய்வதை விட்டாள். உசுப்பேற்ற வந்த சங்கத் தலைவரிடம், நான் கோபமாகப் போகவில்லை, வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். ஒருநாள் மத்தியானம் அக்கா ஜனங்களுக்கு நடுவில் இருக்கும்போது, தனியாக உட்கார்ந்து வேண்டியதை மட்டும் அடுக்கி, ஒரு பொடி டப்பாவுக்கு மட்டும் இடம் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நிற்க இடமில்லை. சமையலறைத் திண்டில் டம்ளர் இருந்தது, கோமதி முழங்கை வரை மாவில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டு, அண்ணாச்சியின் குடை அன்றைக்குப் பஸ்ஸில் யார்மேல் விரிந்தது என்ற கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆவுடை பக்கத்தில் போய் நின்றாள்.

“எக்கா, நான் வெள்ளிக்கிழம போறேன்.”

கோமதி மாவில் இருந்து கையை எடுக்கவில்லை. “பைய மூடியாச்சா?”

“மூடியாச்சு. பொடிக்கு மட்டும் எடம் இருக்கு.”

“நான் அழுவேன்ட்டி.”

“தெரியும்.”

கோமதி நாடியை உயர்த்திக் கூட்டத்தைக் காட்டினாள். “அழுகதுக்கு நீ இங்க இருக்கணும்னு இல்ல. அதுக்கு ஆள் இருக்கு.”

சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. திண்டில் இருந்த டம்ளருக்குள்ளிருந்து இன்னொரு டம்ளர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, திண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் குதித்து, கூட்டத்துக் கால்களுக்கு இடையில் உருண்டு வாசலைத் தாண்டியது. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் தூக்கி வழிவிட்டார்கள். ஏட்டி, உன்னோடது கீழ போகுது பாரு என்று டீச்சர் சொன்னார். ஒவ்வொரு படியிலும் மணி மாதிரி ஒலித்துக்கொண்டு இறங்கிய டம்ளர், அடியில் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் போய் நின்றது, ஆவுடை இறங்கிப்போய் எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது கோமதி அந்த டம்ளரில் பொடி டப்பாவை இறுக்கி வைத்து அவள் பையில் தானே போட்டாள். இரவலாகத்தான் தருகிறேன், வரும்போது வெறுமனே வரக்கூடாது என்றாள். பிறகு ரயில் போகும்வரை கையை ஆட்டினாள், சொன்னபடி அழுதாள், ஒருபக்கம் சொர்ணம் மைனியும் இன்னொரு பக்கம் டீச்சரும் நின்றார்கள். எதற்கு அழுகிறோம் என்பதை டீச்சர் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு கூடவே அழுதார்.

ஆவுடை அடுத்த ஆனியில் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், தொண்டை கொஞ்சம் கட்டியிருந்தது, எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகினால் அப்படித்தான் என்றாள். பையில் இருந்து டம்ளரை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அதில் கோபுரமாக அரிசி இருந்தது. குட்டையான, மங்கிய சிவப்பு அரிசி, மலையடிவாரத்தில் சிக்னலுக்காக வண்டி நிற்கிற ஒரு இடத்தில் ஒரு பெண் கூடையில் வைத்து விற்பாளாம். கோமதி கையில் அள்ளி மோந்து பார்த்தாள். அன்றைக்கு ஊறிக்கொண்டிருந்த அரிசியோடு அதையும் கொட்டினாள். டம்ளரைக் கழுவி, அலமாரியில் மற்ற டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள், உள்ளே வைக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் காலனியில் எந்த வீட்டுக்குப் போனாலும் டம்ளர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும், அலமாரியில் இடம் பற்றாமல் ஜன்னலில்கூட நிற்கும், வருகிற விருந்தாளிகள் ஏன் என்று கேட்பார்கள்.

அந்த மாவில் மறுநாள் காலனி முழுக்க இட்லி வெந்தது. அண்டா மாவுக்கு ஒரு டம்ளர் அரிசி எம்மாத்திரம், ஆனாலும் மூடியைத் திறந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே மணம் எழுந்தது, யாரும் போயிராத ஒரு ஊரில் மழை விட்ட காலையின் மணம், ஈர இரும்பும் பச்சிலையும் கலந்த மாதிரி. எல்லோரும் இன்னும் ஒன்று கேட்டார்கள். எதையும் மறந்துவிடுகிற ஜெபமணி டீச்சர் அந்த மணத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொடுக்காமலேயே இன்றைக்கும் சொல்கிறார்.

ஆவுடை லீவு முடிவதற்குள் ஒரு காலையில், கோலமாவோடு கதவைத் திறந்த கோமதி வாசலில் புதிதாக ஒரு சாமானைக் கண்டாள். ஒரு ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டு. துருப்பிடித்த, வளைந்த ஒற்றைக் கால். ஆவுடை எழுந்து வந்து எட்டிப் பார்த்து, இது யாருக்கு வந்தது, உனக்கா எனக்கா என்று கேட்டாள்.

கோமதி அதைக் கையில் எடுத்து, காய் நிறுத்துப் பார்ப்பதுபோல எடை பார்த்தாள். “எனக்குத்தான்,” என்றாள், கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தவள் மாதிரி. “எனக்கே எனக்குன்னு ஒண்ணு இப்பத்தான்ட்டி வந்திருக்கு.”

ஆவுடை போன நாளில் இருந்து மாடிப்படிக்கு அடியில் ஸ்கூட்டர் அப்படியே நின்றது. அண்ணாச்சி அவ்வப்போது துடைத்து வைப்பார், ஓட்டத்தான் ஆளில்லை, மாவு வேண்டுமென்றால் ஜனங்கள்தான் படியேறி வந்தார்கள். கோமதி ஸ்டாண்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள். நிற்பதற்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது, போவதற்குத்தான் இதை மடக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு கோலமாவை ஓரமாக வைத்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், கீழே இறங்கினாள்.

ஆவுடை ஸ்கூட்டரைப் பின்னால் பிடித்துக்கொண்டு வரிசை முடிகிற வரை ஓடினாள், அங்கே விட்டுவிட்டாள். விட்டது கோமதிக்குத் தெரியாது, தெரிந்தபோது ரயில்வே கேட் ரோட்டில் இருந்தாள், நேராகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் காலனி பார்த்தது. பால்கனிகளில் இருந்தும் மொட்டை மாடியில் இருந்தும் தண்ணீர்க் குடங்களின் பக்கத்தில் இருந்தும், முன்பின் தெரியாதவர்கள் ரோட்டில் போனாலும் நாங்கள் கூப்பிட்டுச் சொல்கிற அந்த ஒரே வார்த்தையை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

“எக்கா, ஸ்டாண்டு, ஸ்டாண்டு.”

கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள், அது மடங்கிக்கொண்டது.